தரைக்கு எண் இல்லை

“காட்டிக்கொடுப்பான்னு முன்னாடியே தெரியும்லா சிஸ்டர்? பொறகு என்னத்துக்கு அவன பக்கத்துல உக்கார வச்சு சாப்பிட்டாரு?”

மறைக்கல்வி வகுப்பில் இதைக் கேட்டபோது பிரகாசிக்கு ஏழு வயது. கடலோரப் பெரியதாழைக் கோயிலின் பக்கவாட்டு அறையில் கடைசி இராவுணவுப் படத்தைக் காட்டி, சிஸ்டர் ஒவ்வொரு சீடராகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். யூதாசின் பெயர் வந்ததும் பின்வரிசையிலிருந்து இந்தக் கேள்வி வந்தது. சிஸ்டர் படத்தைச் சுருட்டினார். பிறகு, “மணி அடிச்சாச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க” என்றார். மணி அடிக்கவில்லை என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அந்தப் பிள்ளை வளர்ந்து, மலையடிவாரத்தில் இருந்த ஒரு பெரிய தொழில்நுட்பக் கல்லூரிக்குப் படிக்க வந்தாள். கேள்வி அவளுக்கு மறந்துபோயிருந்தது.

முதல் வாரம் எல்லாமே அவளுக்குப் புதிதாக இருந்தது. காற்றில் உப்பு இல்லை. தண்ணீர் இனித்தது, அதனாலேயே தாகம் தீரவில்லை. வியாழக்கிழமை விடுதிச் சாப்பாட்டில் மீன் என்றார்கள். ஆசையோடு தட்டை நீட்டியவள், விழுந்த துண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது மீனா, மீனோட போட்டோவாட்டி?” என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள்.

பக்கத்தில் நின்றவள் துளசிமணி. நம்பியூர்ப் பக்கம். பிரகாசியின் அறைத்தோழி.

“எனக்கென்ன புள்ள தெரியும், நாங்க கவுச்சியே திங்கமாட்டோம். ஆனா மூஞ்சியப் பார்த்தா செத்து ரொம்ப நாளாச்சாட்டம் இருக்குது.”

இருவரும் சிரித்தார்கள். சாப்பாட்டுக்கூட வாசலில் ஒரு திரை இருந்தது. கையில் கட்டியிருக்கும் பட்டையைக் காட்டினால் அது மேசையும் நாற்காலியும் சொல்லும். அந்த ஏற்பாட்டுக்குத் ‘துணை’ என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் தனித்துப்போகாமல் இருக்க, யார் யாரோடு உட்கார்ந்தால் ஒத்துப்போகும் என்று அதுவே பார்த்து இடம் போடுகிறது என்று முதல் நாள் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். அது உடம்பைத் தொட்டுப் பார்ப்பதில்லை. எங்கே இருக்கிறாய், யாரோடு, எவ்வளவு நேரம், தட்டில் போட்டதில் எவ்வளவு சாப்பிட்டாய் என்று மட்டும் பார்க்கும். அதிலிருந்து ஒவ்வொரு மாணவிக்கும் ஓர் எண் போடும். அவள் படிப்பு முடியும்வரை இங்கே நிலைத்திருப்பாளா என்பதைச் சொல்லும் எண். அதற்குப் பெயர் நிலைப்பு.

இரண்டாம் வாரம் துளசிமணி பெட்டியைக் கட்டிவிட்டாள்.

பிரகாசி வகுப்பு முடிந்து வந்தபோது, விரித்த படுக்கை சுருட்டிக் கிடந்தது. துளசி கட்டிலின் இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

“என்னட்டி ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. போறேன்.”

“யாராச்சும் எதாச்சும் சொன்னாவளா?”

“யாரும் ஒண்ணுஞ் சொல்லுல. அதான் புள்ள. யாருமே ஒண்ணுஞ் சொல்லுல. வாத்தியார் இங்கிலீசுல பேசறார், எல்லாரும் தலையாட்றாங்க, நானும் ஆட்றேன். எதுக்கு ஆட்றேன்னே தெரியல. வெடியக்காலம் எங்க எருமை கத்தும். இங்க அது கத்தாம எனக்கு முழிப்பே வரமாட்டேங்குது.”

“நான் வேணும்னா கத்தட்டா?”

துளசி சிரிக்கவில்லை. “எங்கய்யன் அனுப்பறப்பவே சொல்லுச்சு, நீ ஒரு மாசந் தாங்கமாட்டே, வந்துரு, கண்ணாலத்தப் பண்ணிப்போடலாம்னு. அதேமாதிரி ஆயிருச்சு.”

பிரகாசி சுருட்டிக் கிடந்த படுக்கையை எடுத்து விரித்தாள். “ஒரு வாரம் இரு. ஒரு வாரங் கழிச்சும் போவணும்னா நானே பஸ் ஏத்தி விடுதேன்.”

அந்த வாரம் துளசி காய்ச்சல் என்று பதிவு செய்துவிட்டு அறையைவிட்டு வெளியே வரவில்லை. காய்ச்சல் என்று சொன்னால் அந்தக் கல்லூரியில் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அறைக்கே ரொட்டி வந்துவிடும். துளசி ரொட்டியைத் தொடவில்லை. பிரகாசி தன் தட்டில் போட்டதில் பாதியை மட்டும் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு, மீதியை டப்பாவில் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். வகுப்புகளை விட்டாள். தரையில் டப்பாவை நடுவே வைத்து, எதிரெதிரே உட்கார்ந்து, இந்தா ஒரு வாய், இந்தா இன்னொரு வாய் என்று பேசிக்கொண்டே ஊட்டினாள். கடலில் காற்று திரும்பினால் அப்பா எப்படித் திட்டுவார் என்று நடித்துக் காட்டினாள். வாத்தியார் ஆங்கிலத்தில் சொன்னதைத் தனக்குப் புரிந்தமட்டில் தமிழில் சொன்னாள். பாதி தப்பாகத்தான் சொன்னாள். தப்பைத் துளசி திருத்தினாள். திருத்தத் தெரிகிறதே என்று துளசிக்கே ஆச்சரியமாக இருந்தது.

வாரக் கடைசியில் துளசி பெட்டியைக் காலி செய்து கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

“இத யாருகிட்டயும் சொல்லிப்போடாத. துணைக்குத் தெரிஞ்சா என் நிலைப்பு உழுந்துரும். வருசக் கடைசில மருத்துவக் கருவிப் பிரிவு கேக்கணும்னா எண்ணு நல்லா இருக்கோணும்.”

“மாதா மேல சத்தியம். சொல்லமாட்டேன்.”

அடுத்த திங்கட்கிழமை காலை, வாசல் திரையில் பிரகாசியின் பெயருக்கு எதிரே மேசை எண் இல்லை. ‘ஜன்னல்’ என்று இருந்தது.

சாப்பாட்டுக்கூடத்தின் வடக்குச் சுவரை ஒட்டி, உயரத்தில் இருந்த ஒரு ஜன்னலுக்குக் கீழே, சுவரைப் பார்த்த மாதிரி சில ஒற்றை நாற்காலிகள் கிடந்தன. அமைதி விரும்புகிறவர்களுக்கு என்று பிரகாசி நினைத்திருந்தாள். ஒரு மூத்த மாணவி இட்லியைப் பிட்டுக்கொண்டே விளக்கினாள். “அது போகப்போறவங்க சீட்டு. ஒருத்தி கிளம்பினா அவகூட உக்காந்து சாப்பிட்டவங்களும் கிளம்புறாங்களாம். அதனால துணை முன்னாடியே தனியா எடுத்து வெச்சுரும். உன் பக்கத்துல யாரும் வரமாட்டாங்க, கோவிச்சுக்காத. வந்தா அவங்க எண்ணும் இறங்கும்.”

“நான் போவலையே.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொன்னாங்க.”

அன்று மாலை அறையும் மாற்றினார்கள். தனி அறை. துளசி வாசலில் நின்று, அவள் போர்வையை மடித்துக் கொடுத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிரகாசி கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

மாணவர் நலப் பொறுப்பில் இருந்தவர் சற்குணம் மேடம். கெட்டவர் இல்லை. அவர் மேசையில் எப்போதும் ஒரு தட்டில் கடலைமிட்டாய் இருக்கும். அழுதுகொண்டு வருகிற பிள்ளைகளுக்கு முதலில் அதைத்தான் நீட்டுவார்.

“உக்காரும்மா. இது தண்டனை இல்ல. மொதல்ல அதப் புரிஞ்சுக்க.”

“தனியா உக்கார வைக்கியது தண்டனை இல்லையா மேடம்?”

“துணை வர்றதுக்கு முன்னாடி இங்க என்ன நடந்துச்சு தெரியுமா? ஒருத்தி வீட்டு ஞாபகம்னு கிளம்புவா. மறுவாரம் அந்த மேசையே காலியாகும். நல்லாப் படிக்கிற பிள்ளைங்க. ஒவ்வொருத்தி அப்பாவும் வந்து பெட்டியத் தூக்கிட்டுப் போறத நான் இந்த ஜன்னல் வழியாப் பார்த்திருக்கேன். இப்ப அதுல பாதிகூட இல்ல.”

“இப்பவும் போற அந்தப் பாதி யாரு மேடம்?”

சற்குணம் மேடம் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கினார்.

“ஜன்னல்ல இருந்தவங்கதான” என்றாள் பிரகாசி. “சுவத்தப் பாத்து சாப்பிடச் சொன்னா யாருதான் இருப்பா?”

“அவங்க எப்படியும் போயிருப்பாங்கம்மா. நீ அந்த ஒரு வாரம் வகுப்புக்கு வரல. தட்டுல பாதிதான் சாப்பிட்டிருக்க. நாள் முழுக்க ரூம்லயே இருந்திருக்க. போறவங்க எல்லாரும் கிளம்புறதுக்கு முன்னாடி இதத்தான் செய்றாங்க. வேற காரணம் இருந்தா சொல்லு. யாரும் தன்னோட பதிவத் திருத்தலாம். அடுத்தவங்க பதிவ யாரும் தொட முடியாது, நானும்கூட. உன்னோடத நீதான் சொல்லணும்.”

நோயாளிக்குச் சோறு கொண்டுபோவதும், அழுகிறவளோடு தரையில் உட்கார்ந்திருப்பதும் அந்த ஏற்பாட்டுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதற்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அப்படி ஒரு பழக்கத்தை எண்ணிப்பார்த்திருக்க மாட்டார்கள். பிரகாசி இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அந்த இரண்டு வார்த்தையிலும் துளசியின் பெயர் இருக்கும். பெயர் வந்தால் காய்ச்சல் பொய் என்பதும் வெளியே வரும்.

“சொல்லியதுக்கு ஒண்ணுமில்ல மேடம்.”

“அப்ப பருவம் முடிஞ்சதும் ஜன்னல்ல இருக்கிறவங்கள வீட்டுலேர்ந்து படிக்கிற முறைக்கு மாத்துவோம். விடுதி கிடையாது. உனக்குத் தெரியணும்.”

“நான் போமாட்டேன் மேடம்.”

சற்குணம் மேடம் கடலைமிட்டாய்த் தட்டை நகர்த்தினார். பிரகாசி எடுத்துக்கொள்ளவில்லை.

சில வாரங்கள் அவள் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டாள். முதுகுக்குப் பின்னால் சிரிப்பும் கரண்டிச் சத்தமும் கேட்கும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அப்படி ஒரு மதியம்தான் அந்தப் பழைய கேள்வி அவளுக்கு ஞாபகம் வந்தது. போகிறவன் என்று தெரிந்தும் ஆண்டவர் யூதாசுக்குத் தனி நாற்காலி போடவில்லை. அப்பத்தைத் தோய்த்துத் தந்தார். அவள் யூதாசும் இல்லை, எங்கும் போகவும் இல்லை. ஆனாலும் தனக்குச் சுவரும் அவனுக்குப் பந்தியும் கிடைத்ததை நினைத்தபோது, அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. நல்ல கோபம்.

மறுநாள் அந்தோணியார் திருநாள். ஊரில் அசனம். கடற்கரை மணலில் வரிசையாக உட்கார்ந்து, ஒரே கொப்பரைச் சோற்றை எல்லாரும் சாப்பிடுவார்கள். படகுக்காரர், கூலிக்காரர், சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிற அண்ணன் தம்பி, யார் வந்தாலும் வந்த வரிசையில் உட்கார வேண்டும். பக்கத்தில் யார் என்று பார்த்து இடம் மாற்றுவது அங்கே பாவம்.

அன்று மதியம் விடுதியில் பிரகாசி சாப்பாட்டுத் தட்டை வாங்கினாள். ஜன்னல் நாற்காலிக்குப் போகவில்லை. மேசைகளுக்கு நடுவே, நடக்கிற பாதையில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிடத் தொடங்கினாள்.

மேசைகளில் தலைகள் திரும்பின. விடுதிக் காப்பாளர் வேகமாக வந்தார். “ஏம்மா, உன் சீட் எங்க?”

“அங்க இருக்கு மேடம். நான் வேற யாரு சீட்லயும் உக்காரலையே.”

“இங்க உக்காரக்கூடாது.”

“நாற்காலி மாறி உக்காரக்கூடாதுன்னுதான் எழுதிருக்கு. தரைக்கு எண் கிடையாதுல்லா.”

யாரோ சிரித்தார்கள். காப்பாளர் வாசல் திரையைத் திரும்பிப் பார்த்தார். திரை ஒன்றும் சொல்லவில்லை. தரையைப் பற்றி அதற்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

மறுநாளும் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாள், ஜன்னலில் இருந்த நெய்வேலிப் பெண் சுடர்க்கொடி தட்டோடு வந்து நின்றாள். கொஞ்சம் பருத்த உடம்பு.

“கால மடக்கி உக்காந்து வருஷமாச்சு. எழும்பறப்ப கை கொடுப்பியா?”

“கொடுக்கேன். உக்காரு.”

“என் எண்ணு எப்படியும் பாதாளத்துல இருக்கு. இனிமே இறங்கறதுக்கு படி கிடையாது.”

ஒரு மாதத்தில் ஜன்னல் நாற்காலிகள் எல்லாம் காலியாகிவிட்டன. பாதையில் ஒரு பந்தி உட்கார்ந்தது. பரிமாறுகிறவர்கள் குனிந்து சாம்பார் ஊற்றப் பழகினார்கள். மேசைக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். ஒருத்தி, “கல்யாணம் யாருக்குடி?” என்றாள். “ஒனக்குத்தான். மொய் எழுதிட்டுப் போ” என்றாள் பிரகாசி. கிண்டல் செய்தவளே இன்னொரு நாள் தன் மேசையிலிருந்து அப்பளத்தை நீட்டினாள். நீட்டிவிட்டு உடனே கையை இழுத்துக்கொண்டாள்.

துளசி வரவில்லை. தன் மேசையில், தரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள். வேகமாக எழுந்து போய்விடுவாள். சுடர்க்கொடிக்கு அது பிடிக்கவில்லை.

“உன் பழைய ரூம்மேட்டுதான அவ? ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சிரிச்சுக்கிட்டு இருப்பீங்கன்னு சொன்னாங்க. திரும்பிக்கூடப் பாக்கமாட்டேங்குறா.”

“அவளுக்கு என்ன பயமோ. விடு. எல்லாராலயும் தரையில உக்கார முடியுமா?”

பிரகாசி இதை வருத்தமில்லாமல் சொன்னாள் என்று சொன்னால் அது பொய்யாகும். வருத்தத்தோடுதான் சொன்னாள். ஆனால் சத்தியத்தை மீறவில்லை. ஒருவருக்குச் செய்த நன்மையைத் திரும்பக் கேட்டால் அது நன்மையாக இராது என்பது அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது.

பருவம் முடிகிற வெள்ளிக்கிழமை சற்குணம் மேடம் அவளை அழைத்தார்.

“திங்கட்கிழமை உங்க அப்பா வர்றார். வீட்டுலேர்ந்து படிக்க நீயும் அவரும் சம்மதிக்கணும். நீ ஆரம்பிச்சதுனால மொதல்ல உன்ன அனுப்பச் சொல்லி மேல சொல்லிட்டாங்க.”

“நான் சம்மதிக்கலைன்னா?”

“விடுதி சாவி வேலை செய்யாதும்மா.”

“அப்ப வாசல்ல உக்காந்துக்கிடுதேன். வாசலும் தரைதான.”

சற்குணம் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உன்ன மாதிரி ஒருத்தி போறது எனக்கு மட்டும் பிடிச்சிருக்குன்னு நினைக்கிறியா? அந்த வாரம் என்ன நடந்துச்சுன்னு சொல்லேன். எனக்காகவாவது.”

பிரகாசி தலையசைத்து மறுத்துவிட்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை காலை அவள் அப்பா கஸ்பார் வந்தார். கையில் ஒரு பொட்டலம். அதிலிருந்த கருவாட்டு வாசனை அலுவலகம் முழுதும் அவருக்கு முன்பாகவே போய் உட்கார்ந்தது.

“எம்மவ போமாட்டேன்னா போமாட்டா மேடம்” என்றார், உட்காருவதற்கு முன்பே. “அவ அம்மையும் இப்படித்தான். நான் முப்பது வருசமாக் கூட இருக்கேன், எனக்குத் தெரியும். நான் சம்மதிச்சாலும் அவ சம்மதிக்கமாட்டா. நீங்க என்னத்துக்கு என் மெனக்கெட்ட நேரத்தையும் கெடுக்கிய?”

சற்குணம் மேடம் தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் குழப்பம் தெரிந்தது.

“சம்மதம் தேவையில்லைங்க. நேத்து துணை மறுபடியும் கணக்குப் போட்டிருக்கு. உங்க பொண்ணோட எண் ஏறியிருக்கு. இந்த வருஷம் வந்ததுலயே உயர்ந்த எண் அதுதான்.”

“ஏன்?” என்றாள் பிரகாசி.

“காரணம் வேற ஒருத்தரோட பதிவுல இருக்குன்னு காட்டுது. அத நான் பார்க்க முடியாது.” அவர் நிமிர்ந்தார். “தரையில உக்காந்தவங்க எல்லாரோட எண்ணும் ஏறியிருக்கும்மா. இத்தன வருஷத்துல இப்படி நான் பார்த்ததில்ல. ஜன்னல் நாற்காலிகளை எடுக்கலாமான்னு கேட்டு இன்னிக்கே மேல எழுதப் போறேன்.”

இந்த முறை தட்டை நீட்டியபோது பிரகாசி இரண்டு கடலைமிட்டாய் எடுத்தாள். ஒன்றை அப்பாவிடம் கொடுத்தாள்.

மதியச் சாப்பாட்டில் வாசல் திரை அவளுக்கு ஒரு மேசை எண் சொன்னது. அவள் தரையில்தான் உட்கார்ந்தாள். “அசையாம உக்காந்தோம்லா. அது அசைஞ்சிட்டு பாத்தியா” என்று சுடர்க்கொடியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பந்தி முழுதும் சிரித்தது.

அப்போது துளசிமணி தட்டோடு வந்து நின்றாள்.

“தள்ளி உக்காரு புள்ள.”

பிரகாசி அவளை நிமிர்ந்து பார்த்தாள். “எண்ணு இறங்கிரும்னு பயந்தியேட்டி. கருவிப் பிரிவு?”

“கெடக்கட்டும் போ. எடம் உடுவியா மாட்டியா?”

பிரகாசி நகர்ந்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. தாங்கள் அசையாமல் இருந்ததால்தான் எல்லாம் நடந்தது என்று அவள் அன்று நம்பினாள். இன்றும் அப்படித்தான் நம்புகிறாள். அதில் பாதி உண்மை இருக்கிறது.

மீதிப் பாதி அதற்கு முந்தின சனிக்கிழமை மதியம் நடந்திருந்தது. சாப்பாடு முடிந்து, மேசைகளைத் துடைத்துவிட்டு, பணியாளர்கள் ஓய்வுக்குப் போயிருந்தார்கள். கூடத்தில் ஒருவரும் இல்லை. துளசிமணி வாசல் திரை முன் வந்து நின்று, கைப்பட்டையைக் காட்டினாள்.

“உங்கள் பதிவில் எதைத் திருத்த வேண்டும்?” என்று கேட்டது துணை.

“ரெண்டாவது வாரம் காய்ச்சல்னு சொல்லியிருந்தேனுங். அது பொய்யிங். எனக்குக் காய்ச்சல் இல்ல. பெட்டி கட்டி ஊருக்குப் போறதுக்கு இருந்தேன்.”

“இதைப் பதிந்தால் உங்கள் நிலைப்பு குறையும். பிரிவுத் தேர்வில் அது கணக்கில் வரும். நீங்கள் விரும்பிக் கேட்டிருக்கும் பிரிவு கிடைக்காமல் போகலாம். தொடரலாமா?”

அவள் சுவரோரமிருந்த ஒற்றை நாற்காலிகளைப் பார்த்தாள். எல்லாம் சுவரைப் பார்த்துக் கிடந்தன.

“தொடருங்.”

“போகத் தீர்மானித்திருந்தீர்கள். ஆனால் போகவில்லை. ஏன்?”

துளசி கைப்பட்டையைத் திருகிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “என்ர ரூம்மேட்டு அவ தட்டுல பாதிய எனக்குக் கொண்டாந்தா. கிளாசு உட்டுட்டு எங்கூடத் தரையில உக்காந்து சாப்பிட்டா. ஒரு வாரம் முச்சூடும். அவ்ளோதானுங்.”

திரையில் ஒரு சிறு வட்டம் சுழன்றது.

“பதிவு செய்யப்பட்டது. தரையில் கூட உட்கார்ந்து சாப்பிடுவது இனி நிலைப்பைக் கூட்டும் என்று கணக்கில் வரும்; அதனால் வேறு சிலரின் கணக்கும் மாறும். உங்களால்தான் மாறியது என்று அவர்களுக்குத் தெரிவிக்கலாமா?”

“வேண்டாமுங்” என்றாள் துளசிமணி.

திரை அணைந்தது. தேநீர் மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. அவள் மேசைகளுக்கு நடுவே போய், பாதையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். தரை குளிர்ச்சியாக இருந்தது. முழங்கால் கொஞ்சம் வலித்தது. பழகிக்கொள்ளலாம் என்று தோன்றியது.